ஹுன்சா மக்கள் 120 வயது வாழ்கிறார்களா? வடக்கு மலைக் கிராமங்களின் உணவும் உண்மை நிலையும்

சில மாதங்களுக்கு ஒருமுறை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் தவறாமல் வந்துபோகும் செய்தி ஒன்று உண்டு. பாகிஸ்தானின் வடக்கே, மலைகளுக்கு நடுவே ஹுன்சா என்றொரு பள்ளத்தாக்கு. அங்குள்ள முஸ்லிம்கள் 120 வயது, 140 வயது வரை வாழ்கிறார்களாம். புற்றுநோய் என்றால் என்னவென்றே அவர்களுக்குத் தெரியாதாம். 65 வயதிலும் பெண்கள் பிள்ளை பெறுகிறார்களாம். 1984-ல் லண்டன் விமான நிலையத்தில் இறங்கிய ஹுன்சாக்காரர் ஒருவரின் பாஸ்போர்ட்டில் பிறந்த வருடம் 1832 என்று இருந்ததைப் பார்த்து அதிகாரிகள் திகைத்துப் போனார்களாம். இத்தனைக்கும் காரணம் ஆப்ரிகாட் பழமும் அதன் கொட்டைக்குள் இருக்கும் பருப்பும்தானாம். கடைசியில், பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லி ஒரு வேண்டுகோள்.

நல்ல உடம்போடு இருப்பவர் இதைப் படித்துவிட்டு "மாஷா அல்லாஹ்" என்று பதில் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஆனால் வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ புற்றுநோய் என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம்கூட ஆகாத வீட்டில் இதே செய்தி வேறு விதமாகப் படிக்கப்படுகிறது. அந்த வீட்டுப் பிள்ளைகள் இணையத்தில் ஆப்ரிகாட் பருப்பு எங்கே கிடைக்கும் என்று தேடத் தொடங்குகிறார்கள். அதனால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. அதோடு, அந்த மலை மக்கள் உண்மையில் என்ன சாப்பிட்டார்கள், எதற்கெல்லாம் கஷ்டப்பட்டார்கள் என்பதையும் இந்தக் கட்டுக்கதை மூடி மறைத்துவிடுகிறது.

ஹுன்சா என்பது பாகிஸ்தான் நிர்வாகத்தில் உள்ள கில்கித்-பல்திஸ்தானில், காரகோரம் மலைத்தொடருக்குள் இருக்கும் பகுதி. முக்கிய ஊரான கரீமாபாத் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியைவிடச் சற்று அதிகம். எதிரே 7,788 மீட்டர் உயர ராகாபோஷி சிகரம். மக்களில் பெரும்பாலோர் இஸ்மாயிலிகள். ஆற்றின் மறுகரையில் நகர் பள்ளத்தாக்கு, அங்கே ஷியாக்கள். இரண்டு கரையிலும் கிட்டத்தட்ட ஒரே பயிர், ஒரே பழம், ஒரே மலைத் தண்ணீர். ஆனால் நகர் மக்கள் 120 வயது வாழ்வதாக யாரும் கதை கட்டவில்லை. கதையின் லட்சணத்தைப் புரிந்துகொள்ள இதுவே போதும் என்றாலும், விஷயம் இன்னும் இருக்கிறது.

அந்த இடத்தில் மழை மிகக் குறைவு. பனிமலையிலிருந்து உருகி வரும் தண்ணீரைப் பாறையில் வெட்டிய வாய்க்கால்கள் வழியே கொண்டுவந்து, மலைச்சரிவில் படிப்படியாகக் கட்டிய சின்னஞ்சிறு வயல்களில் பாய்ச்சுகிறார்கள். கோதுமை, பார்லி, தினை வகைகள், பக்வீட், பிற்பாடு வந்த உருளைக்கிழங்கு ஆகியவை அவர்களின் பயிர்கள். வயலை ஒட்டி ஆப்ரிகாட், மல்பெரி, வால்நட், பாதாம் மரங்கள். கோடையில் ஆடுமாடுகள் மேல்மலைப் புல்வெளிக்குப் போய்விடும். அங்கேயே பாலைத் தயிராக்கி, கடைந்து, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்து கீழே கொண்டுவருவார்கள். அதனால் கோடையில் கீழே இருப்பவர்களுக்குக் கறி அபூர்வம். பழமும் கீரையும் ரொட்டியும்தான். கறி குளிர்காலத்து உணவு. டிசம்பர் கடைசியில் வீடு வீடாகப் பிராணிகளை அறுத்து இறைச்சியைக் காயவைத்துச் சேமிப்பார்கள். கில்கித் பக்கம் அதற்கு நசாலோ என்று பெயர். குர்பானிக் கறியை உப்புப் போட்டு வெயிலில் காயவைத்து உப்புக்கண்டம் போடும் நம் வீடுகளுக்கு இது புதிதல்ல. அங்கே வெயிலுக்குப் பதில் குளிர் அந்த வேலையைச் செய்கிறது.

சமையலிலும் நாம் ரசிக்கக்கூடியவை நிறைய. முளைகட்டிய கோதுமையைக் காயவைத்து அரைத்த மாவில் செய்யும் தீரம் ஃபிட்டி என்ற ரொட்டிக்குச் சர்க்கரையே வேண்டாம், முளைவிட்ட தானியத்தின் இனிப்பே போதும். இரண்டு ரொட்டிக்கு நடுவில் கொத்துக்கறியும் வெங்காயமும் வைத்து மூடிச் சுடுவது சாப்ஷுரோ. குளிருக்கு இதமாக மாவை நூலாக வெட்டிப்போட்டுக் கொதிக்கவைக்கும் தௌதோ சூப். குடிப்பதற்குக் காட்டு ஓமச் செடி போன்ற தூமுரு இலைத் தேநீர். ஆப்ரிகாட்டைப் பொறுத்தவரை, கூரைகளிலும் பாறைகளிலும் பரப்பிக் காயவைத்துக் குளிர்காலம் முழுக்க வைத்துக்கொள்வார்கள். கொட்டையின் ஓட்டை அடுப்பெரிக்கவும், பருப்பை எண்ணெய் பிழியவும் பயன்படுத்துவார்கள். எதுவும் வீணாகாது, ஏனென்றால் வீணாக்க அங்கே எதுவும் மிச்சமில்லை.

இந்தக் கடைசி வரிதான் வாட்ஸ்அப் செய்தியில் வராத விஷயம். நிலம் குறைவு, வாய் அதிகம். போன வருட தானியம் வசந்த காலத்துக்குள் தீர்ந்துவிடும். புதுப் பார்லி அறுவடைக்கு வர ஜூன் மாதம் ஆகும். இடைப்பட்ட வாரங்களில் பல வீடுகளில் காய்ந்த பழமும் கொஞ்சம் கீரையும்தான். 1930-களில் பிரிட்டிஷ் மொழியியலாளர் டேவிட் லாரிமரும் அவர் மனைவி எமிலியும் ஹுன்சாவில் ஓராண்டுக்கு மேல் தங்கியிருந்தார்கள். எமிலி லாரிமர் எழுதிய புத்தகத்தில் இந்த வசந்த காலப் பசியைப் பற்றியும், குழந்தைகள் மெலிந்து நோயில் விழுவதைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். முதல் பார்லிக் கதிரைக் கொண்டாடும் கினானி விழா அங்கே அத்தனை விமரிசையாக நடந்ததன் காரணம் இப்போது புரியும். பசி முடிந்துவிட்டது என்பதற்கான விழா அது. வெளியூர்க்காரர்கள் இதே பசியை "வருடத்துக்குச் சில வாரம் உபவாசம் இருக்கிறார்கள், அதுதான் ஆரோக்கிய ரகசியம்" என்று எழுதினார்கள். நோன்பு வைப்பதும், வீட்டில் மாவு இல்லாமல் பட்டினி கிடப்பதும் ஒன்றல்ல என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கதை எங்கே தொடங்கியது?

இந்தக் கதையின் தொடக்கத்தில் ஒரு மருத்துவர் இருக்கிறார். ராபர்ட் மெக்காரிசன். 1904 முதல் 1911 வரை கில்கித்தில் பிரிட்டிஷ் அரசின் மருத்துவராக இருந்தவர். பின்னாளில் ஹுன்சா மக்களின் உடல்வலிமையையும், வயிற்று நோய்கள் அவர்களிடம் காணப்படாததையும் வியந்து பேசினார். அவர் சொன்னது ஒரு மருத்துவரின் அபிப்பிராயம். அதைக் கேட்டவர்கள் அதன்மேல் மாடி கட்டினார்கள். 1933-ல் ஜேம்ஸ் ஹில்டனின் நாவலில் வந்த ஷங்ரி-லா என்ற, மூப்பே அண்டாத கற்பனை மலை ஊரையும் மக்கள் ஹுன்சாவோடு முடிச்சுப் போட்டார்கள். 1948-ல் ஜே.ஐ. ரோடேல் என்ற அமெரிக்கர் ஹுன்சா மக்களின் ஆரோக்கியத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஹுன்சாவுக்குப் போகாமலேயே எழுதினார்!

போய்த் தங்கியவர் சொன்னது வேறு. ஜான் கிளார்க் என்ற அமெரிக்க நிலவியலாளர் 1950-களின் தொடக்கத்தில் அங்கே தங்கி ஒரு சிறு மருந்தகம் நடத்தினார். ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். வயிற்றுக்கடுப்பு, குடற்புழு, கண் நோய், தோல் நோய், மலேரியா என்று எல்லாமே இருந்தன. முதல் பயணத்தில் தானும் மற்றவர்களைப் போலவே ஏமாந்ததாகவும், தங்கி வாழ்ந்த பிறகே நிலைமை விளங்கியதாகவும் தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

வயது விஷயமும் அப்படித்தான். ஹார்வர்டு மருத்துவர் அலெக்ஸாண்டர் லீஃப் ஹுன்சா, ஈக்வடாரின் வில்கபம்பா, காகசஸ் மலையின் அப்காசியா ஆகிய மூன்று இடங்களுக்கும் போய்வந்து 1973-ல் நேஷனல் ஜியாகிரபிக் இதழில் நூறு வயது தாண்டியவர்களைப் பற்றி எழுதினார். உலகமே படித்தது. பிறகு வேறு ஆய்வாளர்கள் வில்கபம்பாவின் ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டியபோது, முதியவர்கள் வயதைக் கூட்டிச் சொல்லி வந்தது வெளியானது. லீஃபும் அதை ஏற்றுக்கொண்டார். ஹுன்சாவில் புரட்டிப் பார்க்க ஒரு பதிவேடுகூட அந்தக் காலத்தில் கிடையாது. எழுத்து வழக்கமில்லாத புருஷஸ்கி மொழி பேசும் ஊரில், பிறந்த தேதி யார் வீட்டிலும் எழுதிவைக்கப்படவில்லை. நம் ஊர்ப் பெரியவர்கள் "பெரிய புயல் அடிச்ச வருஷம் நான் கைக்குழந்தை" என்று சொல்வது போலத்தான் அங்கும் கணக்கு. அப்படியிருக்க, 1832 என்று பாஸ்போர்ட்டில் எதை வைத்துப் போட்டிருப்பார்கள் என்று அனுப்புகிறவர் யாரும் கேட்பதில்லை.

குன்னூருக்கு வந்த மெக்காரிசன்

இதே மெக்காரிசனுக்கும் தமிழகத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கில்கித்துக்குப் பிறகு அவர் வந்து வேலை செய்த இடம் நம் நீலகிரியின் குன்னூர். 1918-ல் அங்கே பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு பிரிவுதான் வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாகி, 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

குன்னூரில் அவர் எலிகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களின் சாப்பாட்டைக் கொடுத்தார். சீக்கியர் உணவு, பட்டாணியர் உணவு, மராட்டியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி, கடைசியாக மதராசி. தவிடு நீக்காத கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, பழம், எப்போதாவது கறி என்று சாப்பிட்ட சீக்கிய எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. தீட்டிய அரிசியைக் கழுவிக் கழுவிச் சமைத்து, பாலும் மோரும் பெயரளவுக்குச் சேர்த்த மதராசி எலிகள் எடையில் கடைசி. நமக்குக் கொஞ்சம் சங்கடமான முடிவுதான்! அரிசியைத் தீட்டும்போதும் பலமுறை கழுவும்போதும் பி1 சத்து போய்விடுகிறது. நெல்லை அவித்துக் காயவைத்த புழுங்கல் அரிசியில் அந்தச் சத்து உள்ளே இறங்கிவிடுவதால் அவ்வளவு இழப்பில்லை. பிரியாணிக்குச் சீரகச் சம்பாவும் பாஸ்மதியும் இருந்துவிட்டுப் போகட்டும். அன்றாடச் சோற்றுக்கும் பளபள வெள்ளை அரிசியே வேண்டும் என்று கேட்கும் வீடுகள் இதைக் கவனிக்கலாம்.

கவனித்தீர்களா? அந்த எலிகளைத் தேற்றியது எந்த அதிசயப் பழமும் அல்ல. தவிட்டோடு கூடிய தானியமும், பாலும், பருப்பும், காய்கறியும்தான்.

கழுத்து வீங்கிய கிராமங்கள்

மெக்காரிசன் கில்கித்தில் பெரும்பாடுபட்டு ஆராய்ந்தது நீண்ட ஆயுளை அல்ல, முன்கழுத்துக் கழலையை. ஒரே வாய்க்காலை நம்பி வரிசையாக இருந்த கிராமங்களில், வாய்க்கால் கீழே போகப் போக, மேலே உள்ளவர்களின் கழிவும் சேரச் சேர, கழுத்து வீங்கியவர்கள் அதிகமாவதைக் கண்டார். அந்தத் தண்ணீரின் வண்டலைத் தானும் குடித்து, முன்வந்த சிலருக்கும் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார். சிலருக்குக் கழுத்து வீங்கவும் செய்தது. அந்தப் பகுதியில் பிறவியிலேயே மூளை வளர்ச்சி குன்றி, காது கேளாமல், பேச்சு வராமல் இருந்த குழந்தைகளைப் பற்றி 1908-லேயே விவரமாக எழுதினார்.

தண்ணீர் அசுத்தம் நோயைக் கூட்டலாம்; ஆனால் அடிப்படைக் காரணம் அயோடின் பற்றாக்குறை என்பது இன்று உறுதியான விஷயம். பனியும் பனிப்பாறைகளும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மலை மண்ணின் அயோடினை அரித்துக் கடலில் சேர்த்துவிட்டன. மண்ணில் இல்லாதது கோதுமையிலும் இருக்காது, ஆட்டுப் பாலிலும் இருக்காது. கடல் மீனும் அங்கே எட்டாது. கர்ப்பிணிக்கு அயோடின் கிடைக்காவிட்டால் வயிற்றில் உள்ள குழந்தையின் மூளை பாதிக்கப்படும், பிறந்த பின் எதைக் கொடுத்தாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. "இயற்கையான உணவு, சுத்தமான காற்று" என்று நாம் பெருமூச்சு விடும் அதே மலையில்தான் இது நடந்தது. பிற்காலத்தில் அயோடின் கலந்த எண்ணெய் ஊசியும் அயோடின் உப்பும் வந்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது.

இங்கே நம் சமையலறைக்கு ஒரு வார்த்தை. நேரடியாக உண்பதற்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்க 2006 முதல் இந்தியாவில் தடை இருக்கிறது. அப்படியும் "இமயமலை உப்பு" என்று இளஞ்சிவப்பு உப்பை அதிக விலைக்கு வாங்கி, சாதாரணத் தூள் உப்பை ஒதுக்கும் பழக்கம் சில வீடுகளில் பரவி வருகிறது. அந்த உப்பு இமயமலையிலிருந்தே வருவதில்லை. பெரும்பாலும் பாகிஸ்தான் பஞ்சாபில் உள்ள கேவ்ரா சுரங்கத்திலிருந்து வருகிறது. பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று போட்டிருந்தால் சரி. இல்லையென்றால், மருமகளோ மகளோ கர்ப்பமாக இருக்கும் வீட்டில் அதை மட்டும் நம்பிச் சமைக்க வேண்டாம்.

பருப்பில் இருப்பது வைட்டமின் அல்ல

இனி, நோயாளி வீட்டுக்காரர்கள் தேடும் விஷயத்துக்கு வருவோம். ஆப்ரிகாட் பழம் நல்லது; காய்ந்த பழத்திலும் நார்ச்சத்தும், வைட்டமின் ஏ-யாக மாறும் நிறமிச் சத்தும் உண்டு. கொட்டைக்குள் இருக்கும் கசப்புப் பருப்பு வேறு. அதில் அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது. அது குடலில் உடையும்போது வெளிவருவது சயனைடு. இதற்கு "வைட்டமின் பி17" என்று பெயர் சூட்டி அமெரிக்காவில் சிலர் வியாபாரம் செய்தார்கள். அப்படி ஒரு வைட்டமினே கிடையாது. அமிக்டலினையும் அதிலிருந்து தயாரிக்கப்பட்ட லேட்ரைல் மருந்தையும் சுற்றிப் பெரும் பரபரப்பு எழுந்ததால், அமெரிக்காவில் 178 புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்து முறையாகச் சோதித்து, 1982-ல் முடிவை வெளியிட்டார்கள். யாருக்கும் குணமாகவில்லை, நோயின் வளர்ச்சி நிற்கவில்லை, சிலரின் ரத்தத்தில் சயனைடு ஆபத்தான அளவை நெருங்கியது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் கொடுத்த எச்சரிக்கையின்படி, பெரியவர் ஒருவர் ஒரே வேளையில் மூன்று சிறிய பச்சைப் பருப்புக்கு மேல் சாப்பிட்டாலே பாதுகாப்பான அளவைத் தாண்டிவிடலாம். நடக்கப் பழகும் குழந்தைக்கு ஒரு சிறிய பருப்பே அதிகம். ஹுன்சாப் பெண்களுக்கு இது நன்றாகவே தெரியும். இனிப்புப் பருப்புள்ள மரம் எது, கசப்புப் பருப்புள்ள மரம் எது என்று பிரித்து வைத்திருப்பார்கள். இனிப்பை பாதாம் போலச் சாப்பிடுவார்கள், கசப்பை எண்ணெய்க்கு ஒதுக்குவார்கள். பெட்டியில் அடைத்து "ஹுன்சா ரகசியம்" என்று விற்கிறவர் இந்தப் பிரிவினையைச் சொல்வதில்லை. அதைவிடப் பெரிய நஷ்டம், பருப்பை நம்பி ஆபரேஷனையோ கீமோவையோ தள்ளிப்போடும் மாதங்கள். ஆரம்ப நிலையில் இருக்கும் கட்டி அந்த மாதங்களில் பரவிவிடும்.

சாலை வந்த பிறகு

1970-களின் இறுதியில் காரகோரம் நெடுஞ்சாலை வந்தது. சமவெளியிலிருந்து லாரி லாரியாக மானிய விலைக் கோதுமை வந்தது. பழைய வசந்த காலப் பசி ஏறக்குறைய ஒழிந்தது. இதை யாரும் குறைத்துச் சொல்லக்கூடாது. பள்ளிக்கூடமும் மருந்தகமும் வந்தன. 1982-ல் தொடங்கிய ஆகா கான் ஊரக ஆதரவுத் திட்டம் கிராம சங்கங்களைக் கட்டி, வாய்க்கால்களைப் புதுப்பித்தது. ஆப்ரிகாட்டைத் தூசி படாமல் காயவைத்து விற்கவும் வழிசெய்தது. வயலில் பார்லியும் தினையும் பக்வீட்டும் குறைந்து, சந்தைக்குப் போகும் உருளைக்கிழங்கு நிறைந்தது. அதே லாரிகளில் வனஸ்பதியும் சர்க்கரையும் பிஸ்கட்டும் சிப்ஸும் குளிர்பானமும் வந்து சேர்ந்தன. தூமுரு இலை இருந்த இடத்தில் சர்க்கரை போட்ட பால் டீ.

சாலையை நம்பி வாழ்வதற்கு ஒரு விலையும் உண்டு. 2010 ஜனவரி 4 அன்று அத்தாபாத் என்ற இடத்தில் மலை சரிந்து ஹுன்சா ஆற்றை மறித்தது. உயிர்கள் போயின. நெடுஞ்சாலை ஏரிக்குள் மூழ்கி, மேல் ஹுன்சாவின் கோஜால் பகுதி துண்டிக்கப்பட்டது. உருளைக்கிழங்கைக் கீழே கொண்டுபோகப் படகு வேண்டியிருந்தது. உணவுப் பொருள்கள் சீனாவின் பக்கமிருந்து நிவாரணமாக வந்தன. மலைக்குள் சுரங்கப்பாதை திறக்கப்பட ஐந்து வருடத்துக்கு மேல் ஆனது.

குழந்தைகளின் நிலைமைதான் மிகவும் கவலைக்குரியது. பாகிஸ்தானின் 2018 தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, நாடு முழுவதும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பத்தில் நான்கு பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். கில்கித்-பல்திஸ்தானில் அந்த விகிதம் தேசிய சராசரியைவிட அதிகம். பழமும் பாலும் உள்ள ஊரில் இது எப்படி? குளிர்காலத்தில் பல மாதங்களுக்குப் பச்சைக் காய்கறி கிடையாது. வாய்க்கால் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிப்பதால் அடிக்கடி வயிற்றுப்போக்கு, தின்றதும் உடலில் ஒட்டாது. தாய்ப்பாலை இரண்டு வருடம் கொடுக்கும் வீடுகளிலும், ஆறு மாதத்துக்குப் பின் சேர்க்க வேண்டிய முட்டை, பருப்பு, நெய், மசித்த காய் இல்லாமல் டீயில் நனைத்த ரொட்டியே குழந்தையின் சாப்பாடாகிவிடுகிறது. டீ வேறு, உணவில் உள்ள இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கும். வயலிலும் வீட்டிலும் ஓயாமல் உழைக்கும் தாயே ரத்தசோகையோடு இருந்தால், குழந்தை பிறக்கும்போதே எடை குறைவு. நம் வீடுகளிலும் டீயில் பன்னையோ ரஸ்கையோ தோய்த்துக் குழந்தைக்கு ஊட்டிவிட்டு "காலைச் சாப்பாடு முடிந்தது" என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது, காரணமும் விளைவும் அங்கே உள்ளதேதான்.

இந்த ஊர்களின் ரொட்டி இன்றும் பெரும்பாலும் கீழிருந்து வரும் மானியக் கோதுமையை நம்பியே இருக்கிறது. அதன் விலையில் அரசு கைவைத்த ஒவ்வொரு முறையும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2014-ல் வந்தார்கள். 2024 ஜனவரியில் எலும்பை உறையவைக்கும் குளிரில் கடைகளை அடைத்து, நாள் கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். விலை உயர்வு திரும்பப் பெறப்பட்டது.